நாற்பத்தைந்து கிலோ கூரை

ஆயிரத்து முப்பத்தைந்து கிலோ தாங்கும் என்று
பென்ரித் ஷோரூமில் ஹாட்ஜ்சன் சொன்னார்.
டயரை ஒருமுறை உதைத்தும் காட்டினார்.
நாலு கதவு, பின்னால் திறந்த தொட்டி,
சேற்றுக்கென்றே பிறந்த வண்டி.
ஒரு டன் தாங்கினால் அது வேன்.
ஒரு கிலோ குறைந்தாலும் கார்.
வேனுக்குக் கட்டிய வாட் திரும்பி வரும்.
காருக்குப் போனது போனதுதான்.
இவ்வளவுதானே சட்டம் என்று
தொட்டிக்கு ஒரு கூரையும் கேட்டுவைத்தேன்.

ஸ்கேன் மெஷின் நனையக் கூடாது.
கிர்க்பி ஸ்டீஃபனில் மழை மேலிருந்து வருவதில்லை,
பக்கத்து வயலிலிருந்து வரும்.

"கூரையா?" என்றாள் பெவர்லி போனில்.
பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.
"கெட்டியான கூரை எதுவானாலும்
வரித்துறைக்கு நாற்பத்தைந்து கிலோ.
தராசெல்லாம் கிடையாது. கழித்துப் பார்."

கழித்தேன்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.

பத்துக் கிலோ இடிக்கிறது.
பிறந்த அன்று
ஒரு ஜோடிக் குட்டிகளின் எடை.

நாமக்கல்காரி நான்.
வெறும் சேஸிஸாக வந்து நிற்பதற்கு
மரமும் தகடும் வைத்து பாடி கட்டி
நெற்றியில் குலதெய்வம் எழுதி
எலுமிச்சை நசுக்கி அனுப்புகிற ஊர்.
மேலே ஏற ஏற அங்கே அது லாரி.
இங்கே மேலே ஒரு மூடி வைத்தால்
வேன் காராகிவிடுகிறது.
பட்டறைக்காரர்களிடம் சொன்னால்
டீ புரையேறும்.

ஆறாயிரத்து அறுநூறு பவுண்டு.
ஆட்டுக்கு எண்பது பென்ஸ் என் கூலி.
எட்டாயிரத்து இருநூற்று ஐம்பது வயிறுகளில்
குளிர்ந்த ஜெல்லோடு கைவைத்தால்
அந்தக் கூரைக்குச் சரியாகும்.

"இன்னொன்று," என்றாள் பெவர்லி.
"வாட்டுக்குத்தான் அது வேன்.
ஏப்ரலிலிருந்து வருமான வரிக்கு
எப்படிப் பார்த்தாலும் கார்."
ஒரே வண்டியா என்றேன்.
ஒரே வண்டிதான் என்றாள்.

எனக்கு ஒன்றும் புதிதில்லை இது.
இனிஷியலை விரித்து எழுதச் சொன்ன நாள்முதல்
பாதிக் கடிதம் அப்பா பேருக்கு வருகிறது.
அன்புள்ள மாசிலாமணி,
உங்கள் கர்ப்பப்பைப் பரிசோதனைக்கு
நாள் குறித்திருக்கிறோம்.

கூரை வேண்டாம் என்றேன்.
தார்ப்பாய்க்கு வரித்துறையில் எடை இல்லை.
மெஷின் முன் சீட்டில் வருகிறது,
பெல்ட் மாட்டிக்கொண்டு.
நாய் பின்னால் உட்கார்ந்து
அதை முறைத்துக்கொண்டே வருகிறது.

ஜனவரி கடைசி.
ராவன்ஸ்டோன்டேலில் அறுநூற்றுப் பன்னிரண்டு ஆடுகள்.
ஒற்றைக்குக் கோடில்லை, இரட்டைக்கு நீலம்,
ஒன்றுமில்லாததற்குச் சிவப்பு.
சிவப்பு விழும்போதெல்லாம் விவசாயி
கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.
எண்ணியது நான். காரணம் நானில்லை.
ஆனாலும் அந்த டப்பாவை
என் கைதான் அழுத்துகிறது.

டாஷ்போர்டில் ஒரு நோட்டு.
தேதி, மைல், இரண்டு கட்டங்கள்:
தொழில், சொந்தம்.
அன்றைக்குத் திரும்பும்போது
வீட்டுக்குப் போகிற வளைவில் திரும்பவில்லை.
மேட்டுச் சாலையில் ஏறி
பனி உறைந்த கல்சுவர் பக்கமாக நிறுத்தி
இன்ஜினை அணைத்தேன்.
கையில் நீலமும் சிவப்பும்.
நாய்கூட எழுந்திருக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
நிற்பதற்கு மைல் கிடையாது,
ஏறி இறங்கியதற்கு உண்டு.
விளக்கைப் போட்டு எழுதினேன்:
தொழில், இருபத்திரண்டு. ராவன்ஸ்டோன்டேல், ஆடு.
சொந்தம், ஒன்பது.
எங்கே, எதற்கு என்று
தொழிலுக்கு மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.

ஒன்பதின் பக்கத்தில்
ஒரு துளி ஒழுகி விழுந்தது.
தார்ப்பாயைச் சொல்லிக் குற்றமில்லை,
கண்ணாடியை நான்தான் இறக்கி வைத்திருந்தேன்.